காது இரைச்சலும் நிலாவும்

கேள்வி: எனக்கு 52 வயது. திடீர் திடீரென்று தலை சுற்றுகிறது. இடது காதில் ஓயாத இரைச்சல். மெனியர் நோய் என்கிறார் டாக்டர். "இதே நோய் வந்த ஒருவர் நிலாவுக்கே போயிருக்கிறாரம்மா" என்று மகள் தேற்றுகிறாள். நிஜமா, கதையா?
– வாசகி, கல்லட்டி

பதில்: நிஜம்தான் அம்மா. உங்கள் ஊர்ச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் காது நன்றாக இருப்பவர்களே எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டுதான் வருவார்கள். உங்கள் பாடு புரிகிறது.

மகள் சொன்னவர் ஆலன் ஷெப்பர்ட். விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கர். 1961 மே 5, மொத்தமே கால் மணி நேரப் பயணம். அதற்காக ராக்கெட் உச்சியில் நான்கு மணி நேரத்துக்கு மேல் மல்லாந்து கிடந்தார். சிறுநீர் போக ஏற்பாடில்லை; கடைசியில் உடைக்குள்ளேயே! இதையும் மகளிடம் சொல்லுங்கள்.

இரண்டு வருஷத்தில் உங்கள் தொல்லை அவருக்கும் வந்தது, அதே இடது காதில். உட்காதில் திரவம் அளவுக்கு மேல் சேர்ந்தால், சும்மா நிற்கிற உடம்பு சுழல்வதாக மூளைக்குத் தப்புச் செய்தி போகும். அமெரிக்காவின் அடுத்த விண்வெளித் திட்டமான ஜெமினியில் ஆட்கள் போகும் முதல் பயணம் அவருக்கென்று இருந்தது, கைநழுவியது. விண்வெளி வீரர்களின் தலைவராக மேஜையில் உட்கார்ந்து மற்றவர்களை மேலே அனுப்பினார். பசியோடு பந்தி பரிமாறுகிறவர் நிலைமை. சிடுசிடுப்பாராம். இருக்காதா பின்னே?

1968ல் லாஸ் ஏஞ்சலஸில் வேறு பெயர் கொடுத்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். திரவம் வடிய உட்காதில் நுண்குழாய் வைத்தார்கள். மறுவருஷம் பறக்க அனுமதி. 1971 பிப்ரவரியில், 47 வயதில், அப்போலோ 14 தலைவராக நிலாவில் கால் வைத்தார்.

அங்கே போய் கோல்ஃப் வேறு ஆடினார்! சிறுவயதில் ஊட்டி கோல்ஃப் மைதானத்தில் பை தூக்கி, முள்புதரில் பந்து தேடிக் கை கிழிந்தவன் நான். இதை விட முடியுமா? மட்டையின் தலையை மட்டும் ஒரு சாக்ஸுக்குள் வைத்துக் கொண்டுபோய், மண் அள்ளும் கருவியின் பிடியில் மாட்டினார். விறைத்த உடையில் இரண்டு கையும் சேராது, ஒற்றைக் கையால் அடித்தார். பந்து மைல் கணக்கில் பறந்ததென்று பெருமை. பிற்பாடு படங்களை வைத்து அளந்தால் சுமார் 40 கஜம்! நான் பை தூக்கிய துரைமார்களும் இப்படித்தான் அளப்பார்கள்.

சரி, அந்த ஆபரேஷன் உங்களுக்கு வேண்டுமா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். உப்பைக் குறைக்கச் சொல்லியிருப்பாரே? ஊறுகாய் ஜாடியை மகளிடம் ஒப்படைத்துவிடுங்கள்.