சால்டர் ஓடவில்லையா? தீயை மோதிரத்துக்குக் காட்டுங்கள்

கோவையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "வேலை முடிந்து வாரம் இரண்டு நாள் மாலை வகுப்பில் வெள்ளி நகை செய்யக் கற்றுக்கொள்கிறேன். ஒவ்வொரு வகுப்பும் இரண்டு மணி நேரம்தான். அறுப்பதும் அராவுவதும் ஓரளவு வருகிறது. மோதிரத்தின் இணைப்பைப் பற்றவைக்கும்போது மட்டும் சால்டர் உருண்டையாகி அப்படியே நிற்கிறது, ஓடுவதில்லை. இன்னும் கொஞ்சம் தீ காட்டினால் மோதிரமே உருகிவிடுகிறது. வீட்டுக்கு ஒரு கேஸ் டார்ச் வாங்கிப் பழகலாமா?"

டார்ச் இப்போது வேண்டாம், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். முதலில் உருண்டை விஷயம்.

சால்டர் என்பது வெள்ளிக்கு முன்னால் உருகி இணைப்பை ஒட்டவைக்கும் உலோகக் கலவை. நீங்கள் தீயை மோதிரத்துக்குக் காட்டாமல் அந்தச் சால்டருக்குக் காட்டுகிறீர்கள், கிட்டத்தட்ட எல்லாரும் ஆரம்பத்தில் செய்வது இதுதான். உலோகங்களிலேயே வெப்பத்தை மிக வேகமாகக் கடத்துவது வெள்ளி. இணைப்பில் மட்டும் தீயைக் குவித்தால் அந்தச் சூடு மோதிரம் முழுக்க ஓடிவிடும், இணைப்பு சூடேறாது. ஆனால் மேலே இருக்கும் சின்னச் சால்டர் துண்டு நேராகத் தீயில் நிற்பதால் அது மட்டும் உருகிவிடும். கீழே வெள்ளி போதிய சூட்டில் இல்லாததால் பிடித்துக்கொள்ள இடமில்லாமல் உருண்டையாகிறது. நீங்கள் பொறுமை இழந்து தீயை இன்னும் கிட்டே கொண்டுபோகிறீர்கள், இணைப்பின் விளிம்பு உருகுகிறது.

925 வெள்ளியில் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. இது 800 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளக ஆரம்பித்து 900-ஐ நெருங்கும்போது முழுக்க உருகிவிடும். கெட்டி ரகச் சால்டர் ஓடுவது 750-க்கும் 800-க்கும் நடுவில். ஆக உங்களுக்கு இருக்கும் இடைவெளி 50 டிகிரிக்கும் குறைவுதான். இளகு ரகம் என்றால் 700-ஐ ஒட்டியே ஓடிவிடும். கொஞ்ச நாளைக்கு இளகு ரகம் கேட்டு வாங்கிப் போடுங்கள், இணைப்புக் கோடு லேசாக மஞ்சளடிக்கும், பரவாயில்லை. எந்த ரகமானாலும் காட்மியம் கலக்காததுதானா என்று கேட்டு வாங்குங்கள், காட்மியப் புகை நுரையீரலைக் கெடுக்கும்.

சரி, செய்யும் முறை. மோதிரத்தைக் கரிக்கட்டையின் மேல் வையுங்கள். கனமான இரும்புச் சாவணத்தால் (சின்ன இடுக்கி) பிடித்துக்கொண்டு தீ காட்டினால் பாதிச் சூட்டை அதுவே குடித்துவிடும். வெங்காரத்தை (சால்டர் ஓட உதவும் போராக்ஸ்) இணைப்பில் மட்டுமல்ல, மோதிரம் முழுக்கத் தடவுங்கள். சால்டர் துண்டை இணைப்புக்கு உள்பக்கம் வைத்து, தீயை வெளியிலிருந்து காட்டுங்கள். முதலில் இணைப்புக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி, மோதிரத்தைச் சுற்றிச் சுற்றி மெதுவாக வாருங்கள். வெங்காரம் பொங்கி வெள்ளையாக நுரைக்கும், அப்போது அவசரப்பட்டால் துண்டு நகர்ந்துவிடும். நுரை அடங்கி, வெங்காரம் கண்ணாடிபோல் தெளிந்து, மோதிரம் முழுவதும் ஒரே மாதிரி மங்கலான சிவப்பு ஏறும். அப்புறம்தான் தீயை இணைப்புக்குக் கொண்டுவர வேண்டும். சூடு எங்கே அதிகமோ அந்தப் பக்கம் சால்டர் ஓடும் என்பதால், இணைப்பில் பளிச்சென்று ஒரு வெள்ளிக் கோடு மின்னும். மின்னிய நொடியில் தீயை எடுத்துவிடுங்கள்.

மாலை வகுப்பில் இதற்கு ஒரு தனித் தடை உண்டு. தலைக்கு மேல் டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தால் இந்த மங்கலான சிவப்பு கண்ணுக்கே தெரியாது. தெரியும்போது அது பிரகாசமான சிவப்பாகியிருக்கும், அதற்குள் மோதிரம் போயிருக்கும். பற்றவைக்கும் மேசைக்கு மேலே உள்ள விளக்கை மட்டும் அணைக்கச் சொல்லிக் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், இருட்டு மூலையில் உட்கார்ந்து பற்றவைப்பது பட்டறைகளில் பழைய வழக்கம்தான்.

இன்னொன்று, சால்டர் இடைவெளியை நிரப்பாது. இரண்டு முனைகளும் ஒட்டி நின்றால் மட்டும் அந்த நூலிழைச் சந்துக்குள் அது இழுபட்டுப் போகும். மோதிரத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், இணைப்பில் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தாலும் பற்றவைக்க வேண்டாம். முனைகளை ஒன்றை ஒன்று தாண்டும்படி அழுத்திவிட்டுத் திரும்ப இழுத்தால் அவை தானாக ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு நிற்கும். அப்படியும் சந்து இருந்தால் மூடிய இணைப்பின் ஊடாகவே ஒருமுறை ரம்பத்தை விட்டு அறுங்கள். இரண்டு முகமும் ஒரே பிளேடில் அறுபட்டதால் இணையாக வரும், மறுபடி மூடினால் கச்சிதமாக உட்காரும். இந்த ஒரு வித்தையைப் பழகினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பது என் அபிப்பிராயம்.

இனி வீட்டு விஷயம். டார்ச், கேஸ், அமிலம் மூன்றும் காற்றோட்டமும் பக்கத்தில் விவரம் தெரிந்த ஒருவரும் இல்லாமல் அடுக்குமாடி அறைக்குள் வேண்டாம். வகுப்பின் இரண்டு மணி நேரத்தையும் நெருப்புக்கே ஒதுக்குங்கள், அறுப்பது, அராவுவது, உப்புத்தாள் போடுவதை எல்லாம் வீட்டில் முடித்துக்கொண்டு போங்கள். மேசை விளிம்பில் முறுக்கிப் பொருத்தும் மரத்துண்டு, ரம்பச் சட்டம், ஒரு கட்டு பிளேடு, அரைவட்ட அரம் ஒன்று, இவ்வளவு போதும். பிளேடின் பல் கீழ்நோக்கி இருக்க வேண்டும், மெழுகு தடவிக்கொண்டால் குறைவாக உடையும்.

வெள்ளியில் பழக வேண்டாம். மின்சாமான் கடையில் எர்த்துக்குப் போடும் தடித்த செம்புக் கம்பி கிடைக்கும். அதை வளைத்து ஒரேயடியாகப் பத்துப் பன்னிரண்டு மோதிரமாக்கி வகுப்புக்கு எடுத்துப் போங்கள். செம்பு 1,085 டிகிரியில்தான் உருகும், நீங்கள் கொடுக்கும் சூட்டுக்கு அசையாது. வெப்பத்தைக் கடத்துவதிலும் வெள்ளிக்கு அடுத்தது அதுதான். சிவப்புச் செம்பில் வெள்ளைச் சால்டர் எங்கே ஓடியது, எங்கே நின்றது என்று அப்பட்டமாகத் தெரியும், வெள்ளியில் அது தெரியாது. ரேடியோ, டிவி ரிப்பேருக்கு வைக்கும் ஈயச் சால்டரை மட்டும் இதன் பக்கமே கொண்டுவராதீர்கள். ஒரு துளி ஒட்டியிருந்தாலும் அடுத்த சூட்டில் அது வெள்ளியை அரித்துக் குழி போட்டுவிடும்.

வெள்ளிக்குத் திரும்பும்போது நீளத்தைக் கணக்குப் போட்டு அறுங்கள்: உள்விட்டத்தோடு தகட்டின் தடிமனைக் கூட்டி 3.14-ஆல் பெருக்க வேண்டும். உள்விட்டம் 17 மில்லிமீட்டர், தடிமன் 1.5 என்றால் 58 மில்லிமீட்டர். அகலம் 4 மில்லிமீட்டர் வைத்தால் மொத்த எடை மூன்றரை கிராமுக்குச் சற்று மேல். தகடு 925 என்று சொல்லி வாங்குங்கள். வீட்டிலிருக்கும் பழைய கொலுசை உருக்கிச் செய்யலாமே என்று தோன்றும். அதில் வெள்ளி எவ்வளவு என்று தெரியாது, கண்ணிக்குக் கண்ணி பற்றவைத்த சால்டரும் சேர்ந்தே உருகும், தகடாக அடிக்கும்போது விரிசல் விடும்.

பற்றவைத்ததும் மோதிரம் கறுத்துப்போயிருக்கும், அது செம்பின் வேலை. தண்ணீரில் போட்டு ஆறவைத்த பிறகு வகுப்பிலுள்ள அமிலக் கரைசலில் போடுங்கள். எடுக்கும்போது செம்பு அல்லது மரச் சாவணம்தான், இரும்பு பட்டால் கரைசலில் இருக்கும் செம்பு மோதிரத்தில் படிந்து சிவந்துவிடும். மேலே ஊதா நிறத்தில் திட்டுத்திட்டாக ஏதாவது மிஞ்சினால் அது அமிலத்துக்குப் போகாது, உப்புத்தாளால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். கடைசியில் பூந்திக்கொட்டைத் தண்ணீரும் பித்தளை பிரஷும் போதும், மெருகு மெஷின் வேண்டியதில்லை.