உடலுக்குள் பொருத்தும் உள்வைப்புகளுக்கு (இம்பிளான்ட்) பீங்கான் பூச்சு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஸ்பட்டரிங் முறையில் (வெற்றிடத்தில் அயனிகளால் மோதி, பெயரும் அணுக்களைப் படியவைப்பது) டைட்டானியத்தின் மேல் ஒரு மைக்ரான் ஹைட்ராக்சிஅபடைட் (எலும்பில் உள்ளது போன்ற கால்சியம் பாஸ்பேட் கனிமம்) போட்டோம். நன்றாக ஒட்டியிருக்கிறது. ஆனால் உடல்திரவம் போன்ற கரைசலில் போட்டால் சீக்கிரமே கரைந்துபோகிறது. ஏன்?

பதில்: பெரும்பாலும் படலம் படிகமாகவில்லை என்றுதான் அர்த்தம். சூடாக்காத பரப்பில் வந்து விழும் அணுக்கள் ஒழுங்காக அடுக்கி உட்காருவதற்குள் உறைந்துவிடும். அப்படி உருவமற்றுப்போன கால்சியம் பாஸ்பேட் வேகமாகக் கரையும். 500 முதல் 700 டிகிரி செல்சியஸில் பதப்படுத்துங்கள். உலைக்குள் நீராவி இருந்தால் படலம் இழந்த ஹைட்ராக்சில் (OH) திரும்பக் கிடைக்கும். அதற்காக வெப்பத்தை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். ஹைட்ராக்சிஅபடைட் டைட்டானியத்தைவிட அதிகம் விரிந்து சுருங்கும். ஆறும்போது படலம் இழுபட்டு விரிசல் விடும். எக்ஸ்-ரே டிஃப்ராக்‌ஷன் (எக்ஸ் கதிரால் படிக அமைப்பைக் காட்டும் சோதனை) எடுத்துப் பாருங்கள்: அகன்ற மேடு மட்டும் தெரிந்தால் உருவமற்றது, கூர்மையான முகடுகள் வந்தால் படிகம். அப்படியே கால்சியம்-பாஸ்பரஸ் விகிதத்தையும் பார்த்துவிடுங்கள். 1.67 இருக்க வேண்டும். ஸ்பட்டரிங்கில் அது அடிக்கடி கூடிவிடும்.

கேள்வி: பிளாஸ்மா ஸ்பிரேயில் (தூளை உருக்கிப் பீய்ச்சும் முறை) தடிமனாகப் போட்டால் அதிக காலம் உழைக்குமா?

பதில்: உழைக்காது. தடிமன் கூடக் கூட உள்ளழுத்தமும் கூடும், பூச்சு ஏடாகப் பெயரும். இடுப்பு மூட்டுத் தண்டுகளில் 50 முதல் 150 மைக்ரான் வரைதான் வழக்கம்.

கேள்வி: ஒட்டுவலிமைச் சோதனையில் எங்களுக்கு எதிர்பார்த்ததைவிட மிக நல்ல எண் வந்தது. நம்பலாமா?

பதில்: உடைந்த பரப்பைப் பார்க்காமல் நம்பாதீர்கள். பசை போட்டு இழுக்கும் சோதனை அது. பூச்சு முழுசாக இருந்து பசை மட்டும் பிய்ந்திருந்தால், நீங்கள் அளந்தது பசையின் வலிமையை. இன்னொன்று, நுண்துளை உள்ள மெல்லிய பூச்சில் பசை ஊடுருவி உலோகத்தையே பிடித்துக்கொள்ளும். அப்போது பலவீனமான பூச்சும் குறைந்தபட்சம் இருக்க வேண்டிய 15 மெகாபாஸ்கல் என்ற வரம்பை எளிதாகத் தாண்டிவிடும். இந்த இடத்தில் ஏமாந்தால் பாதிக்கப்படுவது நோயாளி. ஒவ்வொரு மாதிரியின் உடைந்த பரப்பையும் நுண்ணோக்கியில் படம் எடுத்து, அறிக்கையில் அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே சேருங்கள்.

கேள்வி: துளைகள் நிறைந்த உள்வைப்பின் உட்புறம் வரை எப்படிப் பூசுவது?

பதில்: ஸ்பிரேயும் ஸ்பட்டரிங்கும் நேர்ப்பார்வையில் படும் இடத்தில்தான் பூசும். உட்புறத்துக்குக் கரைசல் வழிதான் சரி. டைட்டானியத்தை சோடியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து, சூடாக்கி, அப்புறம் உடல்திரவம் போன்ற கரைசலில் 37 டிகிரியில் வையுங்கள். அபடைட் தானாகவே வளரும். நாட்கணக்கில் ஆகும், கரைசலை இடையிடையே மாற்ற வேண்டும்.