தீசிஸ் வேஸ்ட்டா டாக்டர்?

கேள்வி: எம்.டி. ஜெனரல் மெடிசின், செகண்ட் இயர். வார்டு, ஓ.பி., நைட் டியூட்டி, இதுக்கு நடுவுல தீசிஸ்னு ஆராய்ச்சிக் கட்டுரை வேற. கைடு குடுத்தது எனக்கு முந்தின பேட்ச்லயே பண்ண டாபிக். காசு குடுத்தா முழுசா எழுதியே தர்றாங்கன்னு சீனியர் சொல்றார். பேஷன்ட் பாக்கப்போற எனக்கு இதெல்லாம் எதுக்கு டாக்டர்?
– பெயர் வேண்டாம், மதுரை

பதில்: காசுக்கு தீசிஸ் எழுதித் தர்ற அந்தக் கடைப் பக்கம் மட்டும் போயிடாதீங்க தம்பி. உங்க புலம்பல் நியாயம்தான், என் தீசிஸையும் பைண்டிங் பண்ணதுக்கப்புறம் யாரும் தொறந்து பாத்த மாதிரி தெரியல. ஆனா அதுக்காக பழைய கேஸ் ஷீட்டை உக்காந்து பொரட்டுனேன் பாருங்க, பாதியில வெயிட்டே எழுதியிருக்காது, ரெவ்யூக்கு வராம போனவங்க குணமாகி வரலையா செத்துப்போயி வரலையான்னே தெரியாது, அவங்கள விட்டுட்டு கணக்குப் போட்டா ரிசல்ட் அப்படியே அழகா மாறிடும். ஜர்னல்ல வர்ற நம்பர் எப்படி உருவாகுதுன்னு எனக்கு அன்னைக்குத்தான் புரிஞ்சுது. நாளைக்கு மருந்து கம்பெனி ரெப் வந்து இந்த மாத்திரை ஹார்ட் அட்டாக்கை 33 சதவீதம் குறைக்குதுன்னு பளபளன்னு ஒரு பேப்பரை நீட்டுவார், உள்ள போய்ப் பாத்தா 100 பேர்ல 3 பேருக்கு வந்தது 2 பேருக்கு வந்திருக்கும், அவ்ளோதான். அதை நோண்டிக் கேக்கற புத்தி கடையில எழுதி வாங்குனா வராது.

டாபிக் பழசா இருந்தா பரவால்ல, கேள்வி தெளிவா இருக்கணும். 1956ல சென்னையில ஆரம்பிச்ச டி.பி. ஆய்வு கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், சானடோரியத்துல (டி.பி. ஆஸ்பத்திரி) படுக்க வச்சு மருந்து குடுத்தாலும் வீட்ல இருந்தே சாப்பிட்டாலும் பலன் ஒண்ணா? 1959ல பதில் வந்துச்சு, ஒண்ணுதான்னு. இன்னைக்கு டி.பி. பேஷன்ட் வீட்ல இருந்தே மாத்திரை சாப்பிடறதுக்கு அது பெரிய காரணம்.

சென்னை அயப்பாக்கம் என்.ஐ.இ. (தேசிய தொற்றுநோயியல் நிறுவனம்) நடத்துற ஆன்லைன் ரிசர்ச் கோர்ஸ சர்டிஃபிகேட்டுக்காக ஓட்டி விட்டிருப்பீங்கல்ல (எல்லாரும் பண்றதுதான்), அதுல சாம்பிள் சைஸ் (ஆய்வுக்கு எத்தனை பேரைச் சேக்கணும்ங்கறது) வீடியோவை மட்டும் இன்னொரு வாட்டி பாருங்க.

கேள்வி: சுகருக்கு ஆஸ்பத்திரி போனப்ப, ஆராய்ச்சிக்குன்னு ஒரு சின்ன டாக்டர் கையெழுத்து கேட்டார். போடலாமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: மேல கேட்ட தம்பி மாதிரி ஒருத்தராத்தான் இருக்கும்மா. தமிழ்லயே ஃபார்ம் இருக்கணும், படிச்சுக் காட்டச் சொல்லுங்க. ஆராய்ச்சிக்குன்னு எடுக்கற டெஸ்ட்டுக்கு நீங்க காசு குடுக்க வேண்டியதில்ல. முடியாதுன்னு சொன்னாலும், பாதியில வெலகினாலும் வைத்தியத்துல கை வைக்கக் கூடாது. போட்டீங்கன்னா ஒரு காப்பி வாங்கி பையில வச்சுக்கங்க.