பழைய செட்டிநாட்டு வீட்டில் ஏசி நீண்ட நாள் உழைக்க

காரைக்குடியில் பழைய வளவு வீட்டின் ஓர் அறைக்கு ஏசி போட்டிருப்பதாகவும், அது பத்து வருடமாவது உழைக்க என்ன வழி என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முதல் எதிரி தூசிதான். பழைய சுண்ணாம்புச் சுவர் உதிர்ந்தால் ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். காற்றோட்டம் குறைந்தால் உள்ளே காற்றைக் குளிரவைக்கும் காயிலில் (குழாய்ச் சுருளில்) பனி கட்டும். அப்புறம் அந்தக் குழாயில் ஓடும் குளிரூட்டும் கேஸ் முழுதாக ஆவியாகாமல், திரவமாகவே அதை அழுத்தும் கம்ப்ரசருக்குள் போய், கம்ப்ரசரையே கெடுத்துவிடும். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழற்றி, வெறும் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி மாட்டுங்கள். உலரும் நேரம் போக, இரண்டு நிமிட வேலை.

அடுத்து உயரமான கூரை. அறையின் கன அளவு கூடுவதால் சின்ன ஏசி நிற்காமல் ஓடும். அதற்காகத் தேக்கு உத்தரங்களை மறைத்து ஃபால்ஸ் சீலிங் போட எனக்கு மனசு வராது. கதவுக்கு மேலே உள்ள காற்றுத் துளைகளை அடைத்து, 24 டிகிரியில் வைத்து, மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டாலே போதும். 18-இல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது பொய்.

வெளி யூனிட்டை மூடிய சந்தில் வைக்காதீர்கள், சூடான காற்று வெளியேற இடம் வேண்டும். மின்சாரம் போய் வந்தால் மூன்று நிமிடம் பொறுத்துப் போடுங்கள்.

வருடா வருடம் கேஸ் ஏற்றச் சொன்னால் சந்தேகப்படுங்கள். கேஸ் ஓடுவது மூடிய சுற்றில். குறைந்தால் எங்கோ கசிகிறது. முதலில் கசிவை அடைக்கச் சொல்லுங்கள்.