ஆட்டோகேட் வேலைக்கு லேப்டாப்போடு ஒரு மானிட்டர் சேர்த்தால் எப்படி அமைப்பது?

லேப்டாப்பில் ஆட்டோகேட் (கட்டட வரைபடம் போடும் மென்பொருள்) வைத்து சப்மிஷன் டிராயிங், அதாவது கட்டட அனுமதிக்குக் கொடுக்கும் வரைபடம், போடுகிறீர்கள், 24 இன்ச் மானிட்டர் ஒன்று வாங்கிப் படத்தை இரண்டு திரையிலும் அகலமாக விரிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் விரிக்காதீர்கள். இரண்டு திரையின் சட்டமும் சேர்கிற இடம் சரியாகப் படத்தின் நடுவில் விழும். நீங்கள் ஸ்னாப் எடுக்க, அதாவது மவுஸால் துல்லியமாகப் பிடிக்க, வேண்டிய மூலை அங்கேதான் போய் ஒளிந்துகொள்ளும்.

படம் முழுதாக ஒரே திரையில், உங்கள் மூக்குக்கு நேராக இருக்கட்டும். அதன் மேல் ஏறி உட்கார்ந்திருப்பதையெல்லாம் கிளப்பி மற்றதற்கு அனுப்புங்கள். கண்ட்ரோல் 1 அடித்தால் வரும் ப்ராப்பர்டீஸ், எல்ஏ அடித்தால் வரும் லேயர் பட்டியல், எக்ஸ்ரெஃப் (வெளியிலிருந்து இணைத்த படங்களின் பட்டியல்), டூல் பேலட், எல்லாம் தனியாகப் பிடித்து இழுக்கக்கூடிய பெட்டிகள்; இவற்றைத்தான் பேலட் என்கிறோம். இழுக்கும்போது ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டால் அதன் தலைப்புப் பட்டையில் ரைட் கிளிக் செய்து அலவ் டாக்கிங் என்பதை எடுத்துவிடுங்கள், ஆட்டோ ஹைடையும் அணைத்துவிடுங்கள். கமாண்ட் லைனை மட்டும் நகர்த்தாதீர்கள். அது படத்துக்குக் கீழேயே இருந்தால்தான் கை பழகியபடி ஓடும்.

நம் ஊர் வேலையில் இன்னொரு பயன் உண்டு, எனக்கு அதுதான் பெரிது. எஃப்எம்பி ஸ்கெட்ச்சை (மனையின் அளவுகள் உள்ள சர்வே வரைபடம்) ஒரு திரையில் திறந்து வைத்துக்கொண்டு, பக்க அளவுகளைப் பார்த்துப் பார்த்து மற்றதில் மனையின் எல்லையைப் போடலாம். பட்டா, பத்திரத்தின் ஸ்கேன், தமிழ்நாட்டின் 2019 ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின் பிடிஎஃப் எல்லாமே பக்கத்தில் இருக்கும். செட்பேக் (எல்லையிலிருந்து விட வேண்டிய காலியிடம்) எவ்வளவு என்று பார்க்க ஒவ்வொரு தடவையும் ஆல்ட் டேப் அடிக்க வேண்டாம். பிரின்ட் எடுத்து மேஜையில் பரப்புகிற பழக்கமும் பாதி குறையும்.

உங்களிடம் இருப்பது லேப்டாப் என்பதால் இதைக் கவனியுங்கள். 15.6 இன்ச் ஃபுல் எச்டி லேப்டாப்பில் விண்டோஸ் பெரும்பாலும் 125 அல்லது 150 சதவீத ஸ்கேலிங் வைத்திருக்கும், அதாவது எழுத்தையும் ஐகானையும் அவ்வளவு பெரிதாக்கிக் காட்டும். வெளி மானிட்டர் 100-இல் இருக்கும். ஒன்றிலிருந்து மற்றதற்கு பேலட்டை இழுத்தால் எழுத்து மங்கும், அல்லது அளவு மாறும். இரண்டுக்கும் ஒரே சதவீதம் வைத்துப் பாருங்கள். அப்படி வைத்து லேப்டாப் எழுத்து கண்ணுக்கு மிகச் சின்னதாகிவிட்டால், பேலட்டுகளையும் மானிட்டரிலேயே விட்டுவிட்டு லேப்டாப்பை பிடிஎஃப், மெயில், வாட்ஸ்அப்புக்கு ஒதுக்குவது மேல்.

டிஸ்ப்ளே செட்டிங்கில் எக்ஸ்டென்ட் தேர்ந்தெடுத்து, மானிட்டரை முதன்மைத் திரையாக்குங்கள். அங்கே தெரியும் இரண்டு கட்டங்களை மேஜையில் இருக்கிற மாதிரியே இடம் வலமாக அடுக்குங்கள். இல்லாவிட்டால் மவுஸ் இடப்பக்கம் போக வேண்டிய இடத்தில் சுவரில் முட்டி நிற்கும்.

அப்புறம் சைட்டுக்கு லேப்டாப்பை மட்டும் எடுத்துப்போகும் நாள். ப்ளாட் (பிரின்ட் கட்டளை) கொடுப்பீர்கள், ஒன்றும் வராது, எதைத் தட்டினாலும் அசையாது. ஆட்டோகேட் ஹேங் ஆகிவிட்டது என்று டாஸ்க் மேனேஜருக்குப் போகாதீர்கள், சேவ் செய்யாத வேலை போய்விடும். டயலாக் பெட்டி, இப்போது இல்லாத அந்த இரண்டாவது திரையில் திறந்திருக்கலாம். எஸ்கேப் அடித்தால் மூடிக்கொள்ளும். வெளியே இழுக்க வேண்டுமென்றால் ஆல்ட் ஸ்பேஸ், பிறகு எம், அதன்பின் அம்புக்குறிச் சாவிகள். நிரந்தர வழி, இரண்டு வொர்க்ஸ்பேஸ் (பேலட்டுகளின் அமைப்பு) சேமித்து வைப்பது: பேலட்டெல்லாம் விரித்தபடி ‘ஆபீஸ்’, எல்லாம் ஒரே திரைக்குள் அடங்கியபடி ‘சைட்’. கீழே இருக்கும் பல்சக்கர ஐகானில் சேமிக்கலாம், அங்கேயே மாற்றலாம். கிளம்புவதற்கு முன் மாற்றிவிட்டால் பேலட் தொலையாது.

ஆட்டோகேட் 2022 முதல் ஃபைல் டேபைப் பிடித்து வெளியே இழுத்தால் அந்த டிராயிங் தனி ஜன்னலாக வந்துவிடும். பழைய ப்ராஜெக்டின் படிக்கட்டு டீடெயிலை ஒரு திரையில் வைத்து, வேண்டியதை கண்ட்ரோல் சி அடித்து எடுத்து இன்னொன்றில் ஒட்டலாம். ரெவிட்டில் (கட்டடத்தை 3டி மாடலாகவே போடும் மென்பொருள்) 2019 பதிப்பிலேயே வியூக்களை இப்படிப் பிரிக்க முடிந்தது. அங்கே இரட்டைத் திரையின் ருசியே வேறு: இங்கே பிளானில் சுவரை நகர்த்தினால் அங்கே செக்‌ஷனிலும் அது நகர்கிறது.

பின்னால் டெஸ்க்டாப்புக்கு மாறினால், இரண்டு கேபிளையும் கிராஃபிக்ஸ் கார்டிலேயே செருகுங்கள். ஒன்று கார்டிலும் இன்னொன்று மதர்போர்டிலும் வேண்டாம். யூஎஸ்பியிலிருந்து எச்டிஎம்ஐ ஆக்கும் டிஸ்ப்ளேலிங்க் வகை அடாப்டர் பிடிஎஃப் பார்க்கப் போதும். அதில் 3டி மாடலைச் சுழற்ற வேண்டாம், திணறும்.

மானிட்டர் வாங்குவதற்குச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போகிறீர்கள் என்றால் (மெட்ரோவில் அரசினர் தோட்டத்தில் இறங்கினால் பக்கம்) புதியதுதான் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். கம்பெனிகளிலிருந்து கழித்த பழைய மானிட்டர்களில் உயரம் மாற்றும், செங்குத்தாகத் திருப்பும் ஸ்டாண்ட் உள்ளவை கிடைக்கும். மலிவான புது மானிட்டர்களில் அது பெரும்பாலும் இருக்காது. 24 இன்ச் திரையைச் செங்குத்தாக நிறுத்தினால் அதன் அகலம் ஏறக்குறைய ஒரு ஏ3 தாளின் அகலம், அதாவது 29.7 சென்டிமீட்டர். ஷீட்டை அசல் அளவிலேயே பார்க்கலாம். ஆனால் திரை ஐபிஎஸ் வகைப் பேனலா என்று கேளுங்கள், டிஎன் வகைப் பேனலைத் திருப்பி வைத்தால் பக்கவாட்டில் நிறம் மாறும். கையோடு லேப்டாப்பைக் கொண்டுபோய் கடையிலேயே செருகி, முழு வெள்ளை, முழுக் கறுப்பு இரண்டும் போட்டுப் பாருங்கள். ஆட்டோகேடின் கறுப்புப் பின்னணியில் ஒரு பழுதான பிக்சல் மின்னினால் அது படத்தில் போட்ட பாயிண்டா, திரையின் கோளாறா என்று தினமும் ஜூம் பண்ணிக்கொண்டிருப்பீர்கள்.