ஐப்பசி, கார்த்திகையில் சைக்கிளோட்டம்: அலுவல்களை எப்படி அடுக்குவது?

கேள்வி: யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கிறேன். ஆஸ்பத்திரி வீதியில் ஒரு தனியார் கந்தோரில் வேலை, காலை எட்டரை முதல் பின்னேரம் நாலரை வரை. ஸ்கூட்டியை விற்றுவிட்டோம், மோட்டார் சைக்கிள் கணவருக்கு வேணும். வீட்டில் பழைய லுமாலா லேடீஸ் சைக்கிள் ஒன்று நிற்கிறது. அம்மாவின் கிளினிக் குளிசை, வங்கி, நகை அடைவு, பிரதேச செயலகத்தில் மகனின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, சந்தை, பின்னேரம் ஆண்டு ஒன்பது படிக்கும் மகளை ரியூசனால் கூட்டி வருவது என்று எல்லாவற்றையும் கிழமை நாட்களுக்குள் முடிக்க வேண்டும். நாளுக்கு ஒரு அலுவல் என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். இந்த மழைக்குள் சைக்கிளில் சமாளிக்கலாமா? அம்மா, காய்ச்சல் வரும் என்கிறா. கணவர், கியர் சைக்கிள் வாங்குவோம் என்கிறார்.

பதில்: சமாளிக்கலாம், தங்கச்சி. ஆனால் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு சமாளிக்க முடியாது. நாளுக்கு ஒரு அலுவல் என்பது ஸ்கூட்டிக்காரரின் ஒழுங்கு. மழைக்காலத்துச் சைக்கிளில் நாளுக்கு ஒன்று என்றால் நாளுக்கு ஒருதரம் நனைவீர்கள், அவ்வளவுதான். திங்கள், செவ்வாய் என்று பிரிக்காமல், எந்த அலுவல் போகிற வழியில், எது வருகிற வழியில், எது காய்ந்த கையோடு செய்ய வேண்டியது என்று பிரியுங்கள்.

தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. திருநெல்வேலிச் சந்தியில் இருந்து உங்கள் கந்தோர்ப் பக்கம் உள்ள யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்கு மூன்றரைக் கிலோமீற்றர் அளவில் வரும். ஆறுதலாக மிதித்தாலும் இருபது நிமிடம். ஏற்றம் இறக்கம் இல்லாத ஊர். தொண்ணூறுகளில் பெற்றோல் வராத நாட்களில் நெல்மூட்டையும் நோயாளியும் சைக்கிளில்தான் போனார்கள்; டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட சனம் நாங்கள். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்று களைத்தவர்களும் சைக்கிளைத்தான் தட்டி எடுத்தார்கள். மிதிப்பது எங்களுக்குப் புதிது இல்லை. மழையையும் காற்றையும் பார்த்து வெளிக்கிடுகிற பழக்கம்தான் மோட்டார் சைக்கிள் வந்த பிறகு விட்டுப்போனது.

முதலில் மழை. ஐப்பசி மழையையும் கார்த்திகை மழையையும் ஒன்றாக எண்ணித்தான் பலர் பிழை விடுகிறார்கள். ஒக்ரோபர் கடைசி, நவம்பர் தொடக்கம் வரை சோளகம் என்ற தென்மேற்குக் காற்று ஓய்ந்து, வாடை என்ற வடகிழக்குக் காற்று இன்னும் நிலைக்காத இடைக்காலம். விடிய நல்ல வெயில் எறிக்கும், மத்தியானம் புழுங்கும், பின்னேரம் மூன்று நாலு மணிக்கு மேல் இடி முழக்கத்தோடு கொட்டும், ஒரு மணித்தியாலத்தில் ஓய்ந்தும் விடும். எப்போதும் இப்படித்தான் என்று எழுதித் தர முடியாது. ஆனால் பெரும்பாலான நாட்களில் காலை உங்களுடையது, பின்னேரம் மழையுடையது. கடதாசி சம்பந்தப்பட்ட எந்த அலுவலையும் இந்தக் காலத்தில் மத்தியானத்துக்கு முன் முடியுங்கள்.

கார்த்திகை பிறந்தால் கணக்கு மாறும். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் ஒன்று உருவானால் நாட்கணக்கில் பெய்யும். அந்த மழை கடலில் இருந்து வருவது. இரவிலும் விடியப்புறத்திலும் கூடுதலாகக் கொட்டும். நேரத்தோடு வெளிக்கிட்டுவிட்டேன் என்பதால் தப்ப மாட்டீர்கள். அப்போது பார்க்க வேண்டியது இரண்டு மழைக்கு நடுவே வானம் வெளிக்கும் நேரத்தை. வெளித்தால் உடனே போங்கள்; "இன்னும் கொஞ்சம் விடட்டும்" என்று நின்றால் அடுத்த மழை பிடித்துவிடும்.

அடுத்தது காற்று. பட்டணத்தில் இருந்து பார்த்தால் திருநெல்வேலி வடக்கே, சற்றுக் கிழக்காக இருக்கிறது. வாடை வடகிழக்கில் இருந்து வீசும். அதாவது கார்த்திகை, மார்கழியில் காலையில் கந்தோருக்குப் போகும்போது காற்று முதுகில் தள்ளும். பின்னேரம் களைத்து வரும்போது நெஞ்சில் மறிக்கும். ஆனி ஆடியில் சோளகம் இதற்கு நேர்மாறு. ஆகவே பாரமான சாமானைப் பட்டணத்துச் சந்தையில் வாங்கிப் பலாலி வீதி முழுக்க எதிர்க்காற்றில் இழுக்காதீர்கள். உங்கள் வாசலிலேயே திருநெல்வேலிச் சந்தை இருக்கிறது. மரக்கறி, தேங்காய் எல்லாம் அங்கே, வீட்டுக்குத் திரும்பும் கடைசி நிறுத்தமாக. வெள்ளிக்கு முதல்நாள் பின்னேரம் சைவச் சமையலுக்கு எல்லாரும் வாங்க வருவார்கள். புதன்கிழமை வாங்கிவிட்டால் மழைக்குள் நெருக்குப்பட வேண்டாம்.

இனி உங்கள் அலுவல்களுக்கு வருகிறேன்.

கிளினிக் நாள் உங்கள் கையில் இல்லை. கொப்பியில் எழுதிய நாள்தான். அந்த நாளை அச்சாக வைத்து மற்றவற்றை அதோடு கட்டுங்கள். கந்தோரில் அன்று அரை நாள் லீவு கேட்டால், குளிசை எடுத்த கையோடு வங்கியையும் முடிக்கலாம். இரண்டும் நடை தூரம். இங்கே ஒன்று சொல்ல வேண்டும்: பட்டணத்துக்குள் போனபின் சைக்கிளைத் தொடாதீர்கள். கந்தோரில் கூரைக்குக் கீழே பூட்டி விட்டுவிட்டு, குடையைப் பிடித்து நடவுங்கள். ஆஸ்பத்திரி, வங்கிகள், பஸ் நிலையம், நவீன சந்தை எல்லாம் ஒன்றுக்கொன்று கிட்ட. அந்த நெரிசலில், பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் நடுவே, ஈரத் தெருவில் ஐந்நூறு மீற்றருக்காகச் சைக்கிளை எடுத்து இறக்கிப் பூட்டுவது வீண் வேலை. வங்கிக்கு மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் போகாதீர்கள். அந்த நேரம் உங்களைப் போன்ற எல்லாரும் அங்கேதான்.

நகை அடைவு சைக்கிள் அலுவல் இல்லை. கணவரோடு போங்கள். ஹான்டிலில் கொழுவிய கைப்பையை மோட்டார் சைக்கிளில் வருபவன் பறிப்பதற்கு மழை கூட வேண்டியதில்லை.

பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியை ஐப்பசிக்குள் எடுத்து முடியுங்கள், தள்ளிப்போட வேண்டாம். வெள்ளம் வந்தால் பிரதேச செயலக ஆட்களும் விதானைமாரும் இடம்பெயர்ந்தவர்களைப் பார்க்கப் போய்விடுவார்கள். உங்கள் விண்ணப்பம் மேசையில் கிடக்கும். போயா நாட்களையும் கலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பும்போதுதான் மழையும் வரும்.

எந்தக் கடதாசியையும் முன்கூடையில் வைக்காதீர்கள். முன்சில்லு அள்ளும் தண்ணீர் அங்கேதான் போகும். பட்டன் போட்ட பைல் கவருக்குள் வைத்து, அதை ஒரு தடித்த சொப்பின் பையில் வாய் மடித்துப் போட்டு, அதைத் தோள்பைக்குள் வையுங்கள். ஆஸ்பத்திரிக் குளிசைகள் கடதாசி உறையில் வருவதால் அவற்றுக்கு மூடியிறுகும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று கொண்டுபோங்கள். ஈரம் பட்ட குளிசை கரைந்து எது எதுவென்று தெரியாமல் போனால் அம்மாவுக்கு ஆபத்து. இன்னொரு சொப்பின் பை சீற்றுக்கு. இதை நான் சொல்லித் தெரிய வேண்டியவர் இல்லை நீங்கள்.

மகளின் விஷயம்தான் எனக்குக் கவலை. கார்த்திகையில் ஐந்தேமுக்காலுக்குச் சூரியன் மறைந்துவிடும். மேகம் மூடியிருந்தால் ஐந்தரைக்கே இருட்டு. ஆறு மணிக்கு ரியூசன் விடும்போது ஒழுங்கை நிறையப் பிள்ளைகள் சைக்கிளோடு, கதைத்துக்கொண்டு, இரண்டு மூன்று பேர் பக்கம் பக்கமாக. பின்னால் வரும் வாகனச் சாரதியின் கண்ணாடியில் மழைத்துளி. மகள் முன்னால், நீங்கள் பின்னால், ஒருவர் பின் ஒருவராக வாருங்கள். பிள்ளையைப் பின்னால் விட்டால் அவளுக்கு என்ன நடந்தாலும் உங்களுக்குத் தெரியாது.

இருவருக்கும் லைற் வேணும், முன்னுக்கு வெள்ளை, பின்னுக்குச் சிவப்பு. லைற் இல்லாவிட்டால் பொலிஸ் மறிக்கும் என்பது ஒரு பக்கம். பழைய ரயரில் உரசும் டைனமோ ஈரத்தில் வழுக்கும். சரியாக மழை பெய்யும்போதுதான் அது எரியாது. சார்ச் பண்ணும் சின்ன லைற் வாங்குங்கள். கரியரில் வைத்த சந்தைப்பை பின்சிவப்பை மறைக்கிறதா என்று ஒருதரம் இறங்கிப் பாருங்கள். அநேகமாக மறைக்கும்.

பிறேக்கைப் பற்றி நிறையச் சொல்லலாம். உங்களுடையது பழைய சைக்கிள் என்பதால் இரும்பு றிம்மாக இருக்கக்கூடும். பளபளப்பான இரும்பு றிம் நனைந்தால் பிறேக் கட்டை பிடிக்காது. காய்ந்த தெருவில் நிற்கும் தூரத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஓடித்தான் நிற்கும். மழைக்குள் போகும்போது சந்திக்கு நன்றாக முன்பே பிறேக்கை மெல்ல மெல்ல அமத்தி விடுங்கள். றிம்மில் உள்ள தண்ணீர் வழிக்கப்பட்ட பிறகுதான் அது பிடிக்கத் தொடங்கும். பரமேஸ்வராச் சந்தியிலும் ஆரியகுளத்தடியிலும் இது கைப்பழக்கமாக வர வேண்டும். குடையை ஒரு கையில் பிடித்து ஓடுவது எங்கள் ஊரில் ஒரு கலை, மறுக்கவில்லை. ஆனால் அப்போது உங்களிடம் இருப்பது ஒரு பிறேக் மட்டும், வாடைக்குக் குடை பாய்மரமாக இழுக்கும். மேற்சட்டையும் காற்சட்டையுமாக வரும் மழைக்கோட்டே போதும். சேலைக்கு மேல் அது ஏறாது என்றால் கந்தோரில் போய் உடுத்துங்கள். உடுப்பும் ஒரு துவாயும் அங்கே கிடக்கட்டும்.

அம்மாவின் பயத்துக்கும் அதுதான் பதில். தடிமனும் காய்ச்சலும் கிருமியால் வருவது, மழைத்துளியால் இல்லை. நனைந்த உடுப்போடு ஏசி அறையில் நாள் முழுக்க இருப்பதைத்தான் தவிர்க்க வேணும். அவ பயப்பட வேண்டிய காய்ச்சல் வேறொன்று இருக்கிறது: எலியின் சிறுநீர் கலந்த வெள்ளத்தால் தொற்றும் எலிக்காய்ச்சல். 2024 டிசம்பரில் குடாநாட்டில், கரவெட்டி, பருத்தித்துறைப் பக்கம், அது உயிர்களைக் கொண்டுபோனது. காலில் புண் இருந்தால் வெள்ளத்தில் இறங்காதீர்கள். இறங்க நேர்ந்தால் வீட்டுக்கு வந்து சவுக்காரம் போட்டுக் கழுவுங்கள். பிறகு காய்ச்சலும் உடம்பு உழைவும் வந்தால் பனடோல் போட்டுப் பார்த்துக்கொண்டிராமல் வைத்தியரிடம் போய், வெள்ளத்தில் நின்றதைச் சொல்லுங்கள்.

வெள்ளத்துக்குள் ஓடுவதில் இன்னொரு ஆபத்து, தெருக்கரை வாய்க்கால். பல இடத்தில் மூடி இல்லை. தண்ணீர் நிரம்பினால் தெருவும் வாய்க்காலும் ஒரே மட்டமாகத் தெரியும். தெருவின் விளிம்பு கண்ணுக்குத் தெரியாவிட்டால் இறங்கி, நடுவுக்குச் சற்று இடப்பக்கமாக உருட்டிக்கொண்டு போங்கள். ஒழுங்கை வாயில் மழை அள்ளி வந்த மணலும் செம்பாட்டுச் சேறும் இருக்கும். அதற்குமேல் சைக்கிளைச் சரித்துத் திருப்பாதீர்கள். தண்டவாளத்தைக் கடக்கும்போது நேர் குறுக்காகக் கடவுங்கள். சரிவாகப் போனால் ஈர இரும்பில் சில்லு வழுக்கும்.

இடி முழங்கினால் சைக்கிளை விட்டு ஒரு கட்டடத்துக்குள் போய் நில்லுங்கள். பனைக்கோ வேம்புக்கோ கீழே வேண்டாம். புயல் எச்சரிக்கை வந்த நாளில் சைக்கிள் என்ற கதையே வேண்டாம். 2008 நவம்பரில் நிஷாப் புயல் வந்தபோது யாழ்ப்பாணத்தில் பார்த்த வெள்ளத்தில் சைக்கிள் அல்ல, பஸ்ஸே ஓடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் செயினைப் பழந்துணியால் துடைத்து இரண்டு துளி மெசின் எண்ணெய் விடுங்கள். தேங்காயெண்ணெய் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள்; அது பிசுபிசுத்து மண்ணைப் பிடித்து வைக்கும்.

கியர் சைக்கிளைப் பற்றிக் கணவரிடம் சொல்லுங்கள்: இந்தத் தட்டை நிலத்தில் கியர் உதவுவது எதிர்க்காற்றில் மட்டும், அதற்கும் ஆறுதலாக மிதித்தால் போதும். மழையில் நனைந்து மண் ஏறிய கியரைத் துப்புரவாக வைத்திருப்பது தனி வேலை. உங்கள் லுமாலாவில் செயினைப் பொத்திய கவரும் மட்காட்டும் இருக்கும். சேலைக்கும் பாவாடைக்கும் அதுதான் தேவை, கியர் சைக்கிள் பலவற்றில் அது இல்லை. அந்தக் காசில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போங்கள். புதுப் பிறேக் கட்டைகள், தேய்ந்திருந்தால் பின் ரயர், முடிந்தால் அலுமினிய றிம், பெடலின் றபர் வழுக்கினால் பல்லுள்ள பெடல், கரியரின் இரு பக்கமும் தொங்கும் பை. மழை நாளில் ஒட்டுப்போடும் கடையைத் தேடி அலையாமல் இருக்க ஒரு புது ரியூப்பும் வாங்கி வீட்டில் வையுங்கள். வேலி வெட்டிய ஒழுங்கையில் கிளுவை முள் ஈர ரயரில் கெதியாக ஏறும். கடைக்காரர் சில்லு அச்சைக் கழற்றிக் கிறீஸ் போட்டுத்தான் தருகிறாரா என்று நின்று பாருங்கள். மழைக்கு முதல் ஒருதரம் போட்டால் தை மாதம் வரை தாங்கும்.