யார் மேல் பழி போட்டாலும் மதிப்பெண் உண்டா?

டைட்டானிக் மூழ்கியதற்கு யார் பொறுப்பு என்று வாதக் கட்டுரை எழுதச் சொன்னேன், ஆளுக்கொருவர் மேல் பழி போட்டிருக்கிறார்கள், எதைச் சரியென்று திருத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

யாரைக் குற்றவாளி ஆக்கினார்கள் என்பதற்கு நான் மதிப்பெண்ணே போடுவதில்லை. இது பட்டுத் தெரிந்துகொண்டது. முதல் தடவை இதே தலைப்பைக் கொடுத்தபோது, கேப்டன் ஸ்மித்தான் காரணம் என்று எனக்குள்ளேயே ஒரு தீர்ப்பு இருந்தது. அவரைத் திட்டியவர்களுக்குக் கை தாராளமாகப் போனது. ஒரு மாணவி மட்டும், கப்பல் பாதுகாப்பு விதிகளை வகுத்த பிரிட்டிஷ் வர்த்தக வாரியத்தைக் குற்றம் சாட்டியிருந்தாள். 20க்கு 11 போட்டேன். தாள்களைத் திருப்பிக் கொடுக்கும் முன் இன்னொரு தடவை படித்தபோது வெட்கமாகிவிட்டது.

அவள் எழுதியது இதுதான்: 10,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல் எவ்வளவு பெரியதானாலும் 16 உயிர்காப்புப் படகு போதும் என்பது வாரியத்தின் அன்றைய விதி. டைட்டானிக் 46,000 டன். அதில் 20 படகு இருந்தது, மொத்தம் 1,178 பேர் ஏறலாம். கப்பலில் இருந்தவர்களோ 2,200க்கு மேல். ஆக, சட்டத்தை மீறாமலே கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குப் படகில் இடமில்லாத கப்பலை ஓட்ட முடிந்தது. ஸ்மித்தைத் திட்டிய கட்டுரைகளோ, ‘அவர் கவனக்குறைவானவர்’ என்பதையே நாலு விதமாகச் சொல்லியிருந்தன. சில பேர் சினிமாவில் பார்த்ததைச் சான்றாகவே எழுதியிருந்தார்கள், அது வேறு கதை.

அவள் கட்டுரையிலும் ஓட்டை இருந்தது. 40 பேர் ஏறக்கூடிய 1ஆம் எண் படகு வெறும் 12 பேரோடு கடலில் இறங்கியது. படகுப் பற்றாக்குறைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றால் இதற்கு என்ன பதில்? அவள் அதைத் தொடவே இல்லை. எதிர்த்தரப்பின் பலமான சான்றை எடுத்துவைத்து அதற்குப் பதில் சொல்கிறார்களா என்பதற்குத்தான் இப்போது 20இல் 8 ஒதுக்குகிறேன். யாரும் சொல்லாத சொத்தை வாதத்தை நிறுத்திவைத்து அடித்துப் போட்டால் அது கணக்கில் வராது.

அப்புறம், காரணம் வேறு, குற்றம் வேறு. பனிப்பாறை காரணம்தான், அதன் மேல் பழி போட முடியுமா? ஒருவர் மேல் பழி சொன்னால், அந்த நேரத்தில் அவருக்கு என்ன தெரியும், வேறு என்ன செய்திருக்கலாம் என்று காட்ட வேண்டும். 1912இல் விசாரணை நடத்திய மெர்சி பிரபுவும் இங்கேதான் தடுமாறினார். பனிப்பாறை எச்சரிக்கை வந்தும் ஸ்மித் வேகத்தைக் குறைக்காதது தவறு என்றார். ஆனால் தெளிவான வானிலையில் மற்ற கேப்டன்களும் பல ஆண்டுகளாக அப்படித்தான் ஓட்டினார்கள் என்பதால் ஸ்மித் மேல் அலட்சியக் குற்றம் சுமத்தவில்லை. இனி யாராவது அதையே செய்தால் அது அலட்சியம்தான் என்றும் சேர்த்துக்கொண்டார். இதை வகுப்பில் சொல்லிவிட்டு எழுதச் சொல்லுங்கள், ‘அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்’ என்ற வாக்கியம் தானாகக் குறையும்.

அந்த மாணவிக்கு 11ஐ அடித்துவிட்டு 15 போட்டேன். ஏன் 16 இல்லை என்று கேட்டு வந்தாள். 1ஆம் எண் படகைக் காட்டினேன்.